பற்றாளரும் வெறியரும்: அன்பு செய்வாரைக் குறிக்கும் சொற்கள் சில

ஆண்டுதோறும் எசல விழாக் காலத்திலே கண்டி மாநகரின் வீதிகள் இரவிலும் பகல்போல் ஒளிரும். தலதா மாளிகையிலிருந்து புறப்படும் பெரஹராவைக் காணப் பல்லாயிரம் மக்கள் வீதியோரங்களில் நெருங்கி நிற்பர். அவருள் ஒருவர், புனித தந்தத்தின் பேழையைத் தாங்கிவரும் களிற்றைக் கண்டவுடன் கைகூப்பித் தலைதாழ்த்துகின்றார். அவர் பக்கத்தில் நிற்பவரோ பேழையை நோக்கிலர். முழவொலியின் தாளக்கட்டிலே அவர் உள்ளம் தோய்ந்துள்ளது. மூன்றாமவர் யானைகளை எண்ணிக்கொண்டு நிற்கும் சிறுவர். நான்காமவர் கதிர்காமத் தேவாலயத்தின் ஊர்வலத்தில் வரும் காவடிகளை எதிர்பார்த்து நிற்கும் சைவர். ஐந்தாமவர் இந்நாட்டின் கலைகளைக் கற்க விரும்பிக் கடல்கடந்து வந்தவர். ஐவரும் ஒரே காட்சியைக் காண்கின்றனர். ஐவரும் அதனை விரும்புகின்றனர். ஆயினும் ஐவரையும் ஒரு சொல்லால் சுட்டுதல் இயலாது. முதல்வரைப் பக்தர் என்றும், இரண்டாமவரை இரசிகர் என்றும், மூன்றாமவரை யானைப் பிரியர் என்றும், நான்காமவரை அடியார் என்றும், ஐந்தாமவரை ஆர்வலர் என்றும் தமிழர் வழங்குவர்.

ஒரு பொருளையோ, ஒரு கலையையோ, ஒரு மொழியையோ, ஓர் இனத்தாரின் பண்பாட்டையோ விரும்புவாரைக் குறிக்கத் தமிழிலே இத்தகைய சொற்கள் பல உள. அவை ஒன்றற்கொன்று மாற்றாக வழங்கத்தக்கன என்று மேலோட்டமாக நோக்குவார்க்குத் தோன்றலாம். அது பொருந்தாது. ஒவ்வொன்றும் அன்பின் ஒரு நிலையையே அளந்து கூறுகின்றது. அந்நிலைகளை வேறுபிரித்து அறியாமையால் விளையும் கேடு சொல்லாராய்ச்சியோடு அமைவதன்று. மொழிப்பற்று யாது, மொழிவெறி யாது என்பதை அறியாமல் இடர்ப்பட்ட நாட்டிலே இவ்வேறுபாட்டை அறிவது கற்றோர் கடனாகும்.

முதலில் மேனாட்டார் முறையை நோக்குவோம். கிரேக்க மொழியில் அன்புடையார் என்னும் பொருள்தரும் ‘பிலோஸ்’ என்பது ஒரு சொல். அதனை எப்பெயரோடும் ஒட்டி, அப்பெயருக்குரிய பொருளை விரும்புவாரைக் குறிக்கும் புதுச்சொல்லை ஐரோப்பியர் ஆக்கிக் கொண்டனர். அறிவை விரும்புதல் என்பதே தத்துவத்திற்கு அவர் இட்ட பெயராகும். சொல்லை விரும்புதல் என்பது மொழிநூலின் பெயராயிற்று. புத்தகத்தை விரும்புவார், இசையை விரும்புவார், ஆங்கிலேயரை விரும்புவார், பிரெஞ்சுக்காரரை விரும்புவார் ஆகிய அனைவர்க்கும் இவ்வொரு வாய்பாடே போதியதாயிற்று. 1864ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து ஜோர்ஜ் ஹெர்பான் என்பார் தபால் முத்திரை சேர்ப்பதற்கும் இம்முறையில் ஒரு பெயரைப் படைத்தார். கட்டணம் முன்னரே செலுத்தப்பட்டமையைக் காட்டுவது முத்திரையாதலால், ‘கட்டண விலக்கை விரும்புதல்’ என்று பொருள்படும் ‘பிலாட்டெலி’ என்னும் சொல் அவரால் அமைந்தது. இவ்வாய்பாட்டிலே விரும்பப்படும் பொருள் மாறும். விருப்பத்தின் இயல்பு மாறுவதில்லை. நாணயத்தை விரும்புவாரும் ஞானத்தை விரும்புவாரும் ஓரச்சில் வார்க்கப்படுகின்றனர்.

தமிழின் முறை இதற்கு மாறானது. விரும்பப்படும் பொருள் எதுவாயினும் ஆகுக; விரும்புவார் அதனை எவ்வாறு விரும்புகின்றார் என்பதையே தமிழ்ச் சொல்லின் இறுதிப் பகுதி உணர்த்தும். தமிழ்ப் பிரியர், தமிழ்ச் சுவைஞர், தமிழன்பர், தமிழார்வலர், தமிழ்த் தொண்டர், தமிழ்ப் பற்றாளர், தமிழ்ப் பித்தர், தமிழ் வெறியர் என்னும் எட்டுத் தொடர்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்குக. முற்பகுதி எட்டிலும் ஒன்றே. பிற்பகுதியோ எட்டு வேறு மனிதரை நம் கண்முன் நிறுத்துகின்றது.

இவற்றுள் மிக எளியது பிரியர் என்பது. ஒன்று ஒருவர்க்கு இனிக்கின்றது என்பதற்கு மேல் இச்சொல் எதனையும் கூறுவதில்லை. உண்பதில் விருப்பமுடையாரைப் போசனப் பிரியர் என்பர். சிவபெருமான் அபிடேகப் பிரியர் என்றும், திருமால் அலங்காரப் பிரியர் என்றும், பிள்ளையார் மோதகப் பிரியர் என்றும் வழங்கும் வழக்கில், தெய்வங்களும் இச்சொல்லின் எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. பிரியர் தாம் விரும்பும் பொருளிலிருந்து இன்பத்தைப் பெறுகின்றார். அப்பொருளுக்காக எதனையும் செய்யவேண்டியவரல்லர். எனவே இச்சொல்லிற் குற்றமும் இல்லை, பெருமையும் இல்லை.

இதற்கு மேற்பட்டது இரசிகர் என்பது. இன்று திரைப்பட நடிகர்தம் மன்றங்களோடு இணைந்து இச்சொல் மலிவுற்றதாயினும், வடமொழி அணிநூலார் இதற்குத் தந்த பொருள் உயர்ந்தது. இரசம் என்பது கலைப்பொருளிலே கிடந்து எடுத்துக்கொள்ளப்படுவதன்று. சுவைப்பாரது உள்ளப் பக்குவத்தாலே அது விளைகின்றது என்பது அவர்தம் கொள்கை. ஆகவே இரசிகராதற்குப் பயிற்சி வேண்டும். படைத்தோன் உள்ளத்தோடு ஒத்த உள்ளமுடையார் என்னும் கருத்தில் சஹிருதயர் என்றும் அவரைக் கூறுவர். தமிழிலே சுவைஞர் என்னும் ஆக்கம் இப்பொருளுக்கே எழுந்தது. டி. கே. சிதம்பரநாத முதலியாரை (1882–1954) இரசிகமணி என்று தமிழுலகம் போற்றியமையும் இக்கருத்துப் பற்றியே. இரசிகர் என்பது சிங்களத்திலும் இதே பொருளில் வழங்குகின்றது. இரு மொழியாரும் ஒரே சொல்லால் சுவைஞரைச் சுட்டுதல் கருதத்தக்கது.

அன்பர் என்பதும் ஆர்வலர் என்பதும் உள்ளத்தோடு நெருங்கிய சொற்கள். ஆர்வலர் என்னும் சொல் திருக்குறளில் அன்புடைமை அதிகாரத்தின் முதற்குறளிலேயே வருகின்றது. அன்புடையார் தம் அன்பை அடைத்துவைத்தல் ஒண்ணாது என்பதும், பிறர் துன்பங் கண்டவிடத்துக் கண்ணீரே அதனை வெளிப்படுத்திவிடும் என்பதும் அங்குக் கூறப்படும் கருத்துகள். அவ்வதிகாரத்திலேயே, அன்பு ஆர்வத்தைப் பெறும் என்றும், அவ்வார்வம் நட்பைப் பெறும் என்றும் வள்ளுவர் ஒரு வழிமுறையை வகுத்துள்ளார். அன்பின் பேறு நட்பு என்னும் இவ்வளவுகோல் பின்னர் நமக்குப் பயன்படும். இக்காலத்திற் சமூக ஆர்வலர், சூழல் ஆர்வலர், பறவை ஆர்வலர் என இச்சொல் பெருக வழங்குகின்றது. அன்பினின்று பிறக்கும் முயற்சி என்னும் பழம்பொருள் இவ்வழக்குகளிலும் அழியாதிருப்பது மகிழ்தற்குரியது.

அன்பு செயலாக முதிர்ந்த நிலையைக் காட்டுவன நேசர், அடியார், தொண்டர் என்பன. சேக்கிழார் பெருமான் தம் காப்பியத்திற்கு இட்ட பெயர் திருத்தொண்டர் புராணம் என்பதாகும். இறைவனை விரும்பியவர் வரலாற்றைப் பாடப் புகுந்தவர், அவர்தம் உணர்ச்சியை வைத்துப் பெயரிடாது தொண்டை வைத்தே பெயரிட்டார். அத்தொண்டருள் ஒருவராகிய நேச நாயனாரின் திருப்பெயருக்கு அன்பர் என்பதே பொருள். அவர் செய்ததோ நெசவு. உடையும் கீளும் கோவணமும் நெய்து அடியார்க்கு அளித்தலே அவரது நேசமாயிற்று. நேசம் என்பது கைத்தொழிலிலே காணப்படும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

மலைநாட்டின் பத்திரிகை வரலாற்றிலும் இச்சொற்கள் இடம்பெற்றுள்ளன. கண்டியிற் பிறந்த சட்ட அறிஞர் சித்திலெப்பை 1882இல் தமிழிலே தொடங்கிய பத்திரிகைக்கு ‘முஸ்லிம் நேசன்’ என்று பெயரிட்டார். பெயரளவில் நில்லாது, தம் சமூகத்தார்க்குப் பள்ளிக்கூடங்கள் அமைவதற்கு உழைத்தார். 1885இல் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ என்னும் கதைநூலையும் எழுதி, ஈழத்துத் தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவரானார். தஞ்சைப் பகுதியிலிருந்து வந்து தோட்டத் தொழிலாளர்க்காகப் போராடிய கோ. நடேசையர் 1920களில் நடத்திய பத்திரிகைகளின் பெயர்கள் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ என்பன. நேசன் எனத் தம்மை அழைத்துக் கொண்டவர் யாவர்க்கும் உழைப்பே இலக்கணமாயிற்று என்க.

இனிப் பற்று என்னும் சொல்லைக் காண்போம். இதன் வரலாறு வியப்புக்குரியது. சமய நூல்களிலே பற்று என்பது விடத்தக்கதாகும். யான் எனது என்னும் பற்றறுத்தலே துறவென்று தமிழ் அறநூல்கள் கூறும். பௌத்தமும் பற்றே துன்பத்தின் தொடர்ச்சிக்குக் காரணம் என்று போதிக்கின்றது. ஆயின் கடந்த நூற்றாண்டிலே நாட்டுப்பற்று, மொழிப்பற்று, இனப்பற்று என்னும் தொடர்கள் புகழ்மொழிகளாயின. விடவேண்டியது வேண்டப்படுவதாயிற்று. பற்றுதல் என்னும் வினைக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. கொடி கொழுகொம்பைப் பற்றும். தீயும் கூரையைப் பற்றும். முன்னது பற்றியதனாலே வாழ்கின்றது. பின்னது பற்றியதனை அழித்துத் தானும் அவிகின்றது. மொழிப்பற்று என்பது இவ்விரண்டனுள் எத்தகைய பற்று என்பதே கேட்கவேண்டிய வினா.

கொழுகொம்பைப் பற்றுங் கொடிபோலப் பிறர் பண்பாட்டையும் பற்றி வாழ்ந்தோர் கண்டியின் வரலாற்றில் பலர் உளர். 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டோர் தென்னிந்தியத் தொடர்புடைய நாயக்க மரபினர். அவருள் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்திலே, வெலிவிட்ட சரணங்கர தேரரின் முயற்சியோடு, சீயத்திலிருந்து பிக்குகள் வரவழைக்கப்பட்டு 1753இல் உபசம்பதை மீண்டும் நிலைநாட்டப்பட்டது. வேற்று மரபிலே தோன்றிய வேந்தன் தான் ஆண்ட மக்களின் சமயத்தைப் புரந்த வரலாறு இது.

அரசியற் காரணம் யாதுமின்றி அறிவின்பத்தாலேயே அவ்வாறு செய்தவர் சேர். முத்துக்குமாரசுவாமி ஆவார். சைவத் தமிழராகிய இவர், தலதா மாளிகையிற் பேணப்படும் புனித தந்தத்தின் வரலாற்றைக் கூறும் பாளி நூலாகிய ‘தாதாவம்ச’த்தையும், ‘சுத்த நிபாத’த்தின் ஒரு பகுதியையும் ஆங்கிலத்திற் பெயர்த்து 1874இல் வெளியிட்டார். அவர் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி (1877–1947) தந்தையின் வழியில் இன்னும் நெடுந்தூரம் சென்றவர். கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராய் இலங்கையிற் பணியாற்றியவர், மலைநாட்டு ஊர்களிலே பாறைகளைத் தேடிச் சென்றவிடத்துக் கைவினைஞரைக் கண்டார். பழைய விகாரைகளும் சித்திரங்களும் கவனிப்பாரற்று அழிவதைக் கண்டு வருந்தி, கண்டிய பிரதானிகளை விளித்து 1905இல் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். கண்டி இராச்சியத்தின் கலைகளையும் அவற்றைச் செய்தோர் வாழ்க்கையையும் ஆராய்ந்து 1908இல் அவர் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல் 425 பிரதிகளே அச்சிடப்பட்டது. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஒருவர், சிங்களக் கைவினைஞர் மரபை உலகறியச் செய்தார். அவரை என்னவென்று அழைப்பது? பிரியர் என்பது போதாது. இரசிகர் என்பதும் நிரம்பாது. கற்றும், காத்தும், எழுதியும் உழைத்தமையால் தொண்டர் என்பதே தகும்.

உடவத்தக்கலைக் காட்டிலே நெடுங்காலம் வாழ்ந்த ஞானபோனிக தேரரும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். 1901இல் ஜேர்மனியில் ஒரு யூதக் குடும்பத்திலே தோன்றியவர், பௌத்த நூல்களின்மேற் கொண்ட ஈடுபாட்டால் இலங்கை வந்து துறவு பூண்டார். 1958இல் கண்டியில் அன்பர் இருவரோடு பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தை நிறுவினார். தென்னிந்தியாவிற் பௌத்தம் வாழ்ந்த வரலாற்றைக் கூறும் நூலொன்றையும் அச்சங்கம் வெளியிட்டுள்ளது. அதனை எழுதிய ஹிஸ்ஸெல்லே தம்மரத்தன தேரரோ, தமிழ் பயின்று சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் சிங்களத்திற்குப் பெயர்த்தளித்த பெருமகன். தமிழரல்லாத இத்துறவியைத் தமிழன்பர் என்று கூறுவதற்குத் தடையாது?

இவ்விடத்திலே 1956ஆம் ஆண்டை நினைவுகூர்தல் வேண்டும். அவ்வாண்டின் நடுவிலே சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் சட்டம் நிறைவேறியது. தன் மொழியை விரும்புதல் பிறன் மொழியை விலக்குதலே என்னும் எண்ணம் சட்டவடிவு பெற்றது. தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்பது அரசியலமைப்பில் இடம்பெறுதற்கு 1987 வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்கிடையிலே 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்தது. 1983இல் நாடெங்கும் மனிதர் வாழ்வும் எரிந்தது. கூரையைப் பற்றிய தீயின் தன்மை இதுவாகும்.

ஆயின் அதே 1956ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, பேராதனைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த எதிரிவீர சரச்சந்திரர் ‘மனமே’ என்னும் நாடகத்தைக் கொழும்பிலே மேடையேற்றினார். சிங்கள நாடக மறுமலர்ச்சிக்கு வித்திட்ட அந்நாடகம் ‘நாடகம்’ என்னும் பழைய கூத்துமரபை அடிப்படையாகக் கொண்டது; அம்மரபு தமிழ்க் கூத்தினின்று சிங்களக் கரையோர ஊர்கட்குச் சென்றதாகும். தம் மொழியின் நாடகத்தை உயர்த்த விரும்பிய அறிஞர், அதன் வேரைத் தேடிச் சென்றவிடத்துத் தமிழைக் கண்டார், கண்டு விலகினாரல்லர். அப்பல்கலைக் கழகத்திலேயே தமிழ் கற்பித்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், 1960களில் மட்டக்களப்புக் கூத்தை மாணவரைக் கொண்டு செம்மைப்படுத்தி ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றினார். ஒரே வளாகத்திலே இரு மொழியாரும் தத்தம் மரபைப் பேணினர். ஒருவர் பற்று மற்றவர்க்கு ஊக்கமாயிற்று. வள்ளுவர் வகுத்த அளவுகோலால் அளப்பின், அன்பு ஆர்வமாகி, ஆர்வம் நட்பான நிலை ஈதேயாம்.

இறுதியாகப் பித்தர், வெறியர் என்னும் சொற்களை நோக்குவோம். பித்து என்பது பித்தத்தால் வரும் மயக்கம். ஆயினும் சைவர்க்கு இச்சொல் இனியது. திருமண நாளிலே தம்மை அடிமையென வழக்காடி வந்த முதியவரைச் சுந்தரர் பித்தர் என்று ஏசினார். அவ்வேச்சையே முதற்சொல்லாக வைத்துப் பாடுமாறு இறைவன் பணித்தார் என்பது வரலாறு. பித்தர் தம்மை மறப்பவர். பிறர்க்கு அவரால் நகை விளையலாம், தீங்கு விளைவதில்லை.

வெறியர் அத்தகையரல்லர். வெறி என்னும் சொல்லும் தொடக்கத்தில் இழிந்ததன்று. பழந்தமிழில் அதற்கு நறுமணம் என்பதும் ஒரு பொருள். முருகன் ஏறப்பெற்று வேலன் ஆடுங் கூத்து வெறியாட்டு எனப்பட்டது. அது மலைநிலமாகிய குறிஞ்சிக்குரியது; ஐங்குறுநூற்றிலே குறிஞ்சி பாடிய கபிலர் ‘வெறிப்பத்து’ என ஒரு பகுதியையே அமைத்துள்ளார். தலைவி காதலால் மெலிகின்றாள். காரணமறியாத தாய் வேலனை அழைக்கின்றாள். வேலன் வெறிகொண்டு ஆடி, இது முருகனால் வந்த நோய் என்கின்றான். உண்மை தலைவிக்கும் தோழிக்குமே தெரியும். ஆட்டம் பெரிது, ஆரவாரம் பெரிது, பலியிடப்படும் மறியும் உண்டு. ஆயினும் முன்னே நிற்கும் பெண்ணின் உள்ளத்திலுள்ள அன்பை அவ்வெறி அறிந்திலது.

இப்பழம்பாடல் மரபு நமக்கு உணர்த்துவது யாது? வெறி என்பது அன்பின் மிகுதியன்று என்பதே. பலர் பற்று முற்றினால் வெறியாகும் எனக் கருதுகின்றனர். அதனாற் பற்றுக்கும் அஞ்சுகின்றனர். அஃது உண்மையாயின், நாற்பதாண்டு கற்ற அறிஞர் நான்கு நாள் கற்றவரினும் மிக்க வெறியராதல் வேண்டும். நாம் காண்பதோ மறுதலை. தமிழை ஆழக் கற்றோர் பிறமொழியை இகழ்வதில்லை. பாளியைப் பெயர்த்த முத்துக்குமாரசுவாமியும், மணிமேகலையைப் பெயர்த்த தம்மரத்தன தேரரும் சான்று. வெறியர்க்குத் தாம் விரும்புவதாகக் கூறும் பொருளைப் பற்றிய அறிவு பெரும்பாலும் இராது. அதற்கென்று அவர் செய்த உழைப்பும் இராது. அவர் நன்கறிந்தது தம் பகைவரையே.

ஆதலால், தமிழன்பர் என்றோ மொழிப்பற்றாளர் என்றோ ஒருவர் தம்மைக் கூறும்போது கேட்கத்தக்க வினாக்கள் இரண்டு. அம்மொழியில் அவர் என்ன கற்றார், அம்மொழிக்கு என்ன செய்தார் என்பது ஒன்று. அவர் அன்பினால் நட்பு வளர்ந்ததா என்பது மற்றொன்று. இரண்டிற்கும் விடை கூறவல்லாரே அச்சொற்களுக்கு உரியர். பல மொழியாரும் பல சமயத்தாரும் ஒரே வீதியில் நடக்கும் கண்டி நகரிலே பயிலும் மாணவர்க்கு இவ்வினாக்கள் ஏட்டளவில் நிற்பனவல்ல. பெரஹராவைக் காண வீதியோரத்தில் நிற்கும்போது, பக்கத்தில் நிற்பவர் எதனை விரும்பி அங்கு வந்துள்ளார் என்று கேட்டறிய முற்படுவாராயின், ஆர்வலர் என்னும் சொல்லின் பொருளை அவர் உணரத் தொடங்கியவராவார்.